தாராநெட்டும் ராஜகீழ்ப்பாக்கம் மனையும்

கிழக்குத் தாம்பரம்
9.1.2000

தம்பி அப்பாதுரைக்கு அக்கா ரத்தினபாய் எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம். தாராநெட் வெள்ளிக்கிழமை நாலாயிரத்து நூறில் முடிந்திருக்கிறது! உன் கம்பெனிடா! தையல் மெஷினுக்கு நேர் எதிரே டி.வி.யை நகர்த்தி வைத்துவிட்டேன். கீழே ஓடுகிற எழுத்தில் தாராநெட் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே தைத்ததில், முந்தாநாள் ஒரு ஜாக்கெட்டின் கையைத் திருப்பித் தைத்துத் தொலைத்தேன்.

தாம்பரம் சானடோரியத்தில் எங்கள் துணி எக்ஸ்போர்ட் கம்பெனியை மூடி, பதிமூன்று வருஷ உழைப்புக்குத் தொண்ணூறாயிரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள் அல்லவா? தம்பி வேலை பார்க்கிற கம்பெனி என்று கண்ணை மூடிக்கொண்டு அதை அப்படியே தாராநெட்டில் போட்டேன். நூறு பங்கு. இன்றைக்கு அது நாலு லட்சத்துக்கு மேல். எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேன் என்கிறது.

இன்னொன்று. சர்ச்சில் புது வருஷ ஆராதனையில், பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைத் தட்டு வந்தபோது, எனக்கு ஒன்று எடுத்துவிட்டு, ஊரில் இல்லாத உனக்காகவும் ஒன்று எடுத்தேன். உன் அட்டையில் என்ன வசனம் வந்தது தெரியுமா? நீ பெருகுவாய் என்று! அதை டி.வி. மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். கீழே விலை ஏறுகிறது, மேலே வசனம் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அப்பா நம் இரண்டு பேர் பேரிலும் வாங்கிப்போட்ட ராஜகீழ்ப்பாக்கம் மனை சும்மா முள் முளைத்துக் கிடக்கிறது. புரோக்கர் ராஜாராமன் ஆறு லட்சத்துக்கு ஆள் இருக்கிறது என்கிறார். அதை விற்றுத் தாராநெட்டில் போட்டால் அடுத்த வருஷம் நீ கிரயம் பேச வேண்டியது மனை இல்லை, பங்களா. உன் கையெழுத்து வேண்டும். அங்கேயே ஒரு வக்கீலைப் பிடித்துப் பவர் பத்திரம் எழுதி அனுப்பு.

போனில் பேசினால் நீ எஸ்.டி.டி. பூத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அது சரி, நீ எப்போதிலிருந்து இப்படிப் பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தாய்? காலேஜ் படிக்கும்போதிலிருந்து "நலம். பணம் கிடைத்தது. சளி இல்லை. அப்பாதுரை" என்று நாலு வரிக்கு மேல் எழுதாத பிள்ளை, தீபாவளி கழித்து எழுதுவதெல்லாம் நாலு பக்கம். ஹைதராபாத் தண்ணீர் அப்படியோ?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஹைதராபாத்
18.1.2000, செவ்வாய், பகல் பதினொன்று

அன்புள்ள அக்கா,

கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்கு. பொறுமையாகப் படி.

போன வருஷம் எங்கள் கம்பெனி சம்பாதித்த லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பங்குக்குப் பதினாலு ரூபாய் வருகிறது. அந்தப் பதினாலு ரூபாய்க்காக ஜனங்கள் நாலாயிரத்து நூறு ரூபாய் கொடுக்கிறார்கள். லாபம் இப்படியே இருந்தால், போட்ட பணம் திரும்பி வர இருநூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகும். நீயும் நானும் பைபிளில் தொள்ளாயிரத்துச் சொச்சம் வருஷம் வாழ்ந்த மெதூசலா இல்லை.

"இப்படியே இருக்குமா? வருஷா வருஷம் இரட்டிப்பு ஆகிறதே" என்று நீ கேட்பாய். டி.வி.யில் வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் வருமானம் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற ஆள். நாங்கள் இப்போது அறுநூறு பேர். ஐந்து வருஷம் தொடர்ந்து இரட்டிப்பு ஆக வேண்டும் என்றால் பத்தொன்பதாயிரம் பேர் வேண்டும். அத்தனை பேருக்கு வேலை கொடுக்கப்போகிறவர் யார்? இதுவரை வந்த வருமானத்தில் பாதிக்கு மேல், 2000 பிறந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும் என்று அமெரிக்காக்காரன் பயந்து கொடுத்த வேலை. 2000 பிறந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு டாக்டருக்கு யார் காசு கொடுப்பார்கள்?

இன்னும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. போன வருஷம் வரைக்கும் எங்கள் பெயர் தாரா கம்ப்யூட்டர்ஸ். பலகையை மாற்றித் தாராநெட் என்று எழுதிய மாதம் விலை இரட்டிப்பு ஆனது. உள்ளே அதே மேஜை, அதே ஆள், அதே தண்ணிக் காப்பி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அட்டையைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை. அது எனக்காக எடுத்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். தாராநெட்டுக்காக எடுக்கவில்லை. சர்ச்சில் கொடுத்த வசனத்தைப் பங்குச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போகாதே அக்கா.

மனை கிடக்கட்டும். பங்கில் பாதியையாவது இந்த வாரமே விற்றுவிடு.

அப்பாதுரை


கிழக்குத் தாம்பரம்
1.2.2000

தம்பிக்கு,

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பது உன்னைப் பார்த்துத்தான் சொன்னது போல. நீ விற்கச் சொன்ன நாளில் நாலாயிரத்து நானூறு. இன்று ஐயாயிரத்து முந்நூறு. உன் பேச்சைக் கேட்டுப் பாதியை விற்றிருந்தால் நாற்பத்தைந்தாயிரம் போயிருக்கும். அதை நீ கொடுப்பாயா?

உன் கணக்குக்கு என்னிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. எழுபத்தெட்டில் அப்பா அந்த மனையை வாங்கியபோது நாம் இருந்த ரயில்வே காலனியே சிரித்தது. "பாம்பு குடித்தனம் பண்ற இடத்துக்கு மூவாயிரமா? அண்ணனுக்கு மண்டை குழம்பிப்போச்சு" என்று நம் சித்தப்பாவே சொன்னார். அன்றைக்கு அந்த மண் என்ன லாபம் கொடுத்தது? ஒரு கத்தரிக்காய்கூட விளையவில்லை. உன் கணக்குப்படி பார்த்தால் அதற்குப் பூஜ்யம் விலை. இன்றைக்கு ஆறு லட்சம். அப்பா வாங்கினது இன்றைய மண்ணை இல்லை, நாளைய ஊரை. தாராநெட்டும் அப்படித்தான். படித்த உனக்கு இது தெரியவில்லையே!

இங்கே தெருவில் நடக்கிறதைக் கேள். ஆட்டோ லோகு கேம்ப் ரோட்டில் வண்டியை நிறுத்திக் கேட்கிறான், "இன்னாக்கா, உன் தம்பி கம்பெனி ஏறிக்கினே கீதாமே! அவரு போட்டோ பேப்பர்ல வந்துச்சா?" என்று. கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் குப்பம்மா நேற்று கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த பணத்தைக் காட்டினாள். "யக்கா, ஆறாயிரம் சேத்து வச்சிகினு கீறேன். வூட்டுக்காரன் கண்ணுல பட்டா குடிச்சே தீத்துடுவான். உன் தம்பி கம்பெனி பேப்பரு ஒண்ணே ஒண்ணு எனக்கும் வாங்கிக் குடு" என்றாள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மீன்காரி நம்புகிறாள், ஆட்டோக்காரன் நம்புகிறான். சம்பளம் வாங்குகிற நீ நம்பமாட்டேன் என்கிறாய். உனக்குப் பொறாமையோ என்றுகூடத் தோன்றுகிறது. அக்கா நம்மைவிடச் சம்பாதித்துவிடுவாள் போலிருக்கிறதே என்று.

பவர் எங்கே?

ரத்தினபாய்


ஹைதராபாத்
9.2.2000

அக்கா,

பொறாமை என்று எழுதிவிட்டாய். சரி. அதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

மண்ணுக்கு மட்டும் சொல்கிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்னொரு மனையை யாரும் அச்சடித்துவிட முடியாது. விலை பாதியாக இறங்கினாலும் அதில் நாலு கம்பு நட்டுக் கூரை போட்டுப் படுக்கலாம். பங்கு இறங்கினால் எதன் மேல் படுப்பாய்? அப்பா கையில் இருந்த காசில் வாங்கினார். இருந்த வீட்டை விற்று வாங்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

குப்பம்மாவின் பணத்தை மட்டும் வாங்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு பங்குகூட வேண்டாம்.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. கேன்டீன் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஒரு வேப்பமரம். அதில் இரண்டு அணில் இருக்கின்றன, காலையிலிருந்து துரத்திக்கொண்டே இருக்கின்றன, இன்னும் களைக்கவில்லை. மேலதிகாரிகள் எல்லாரும் பம்பாய்க்குப் போயிருக்கிறார்கள். பங்கு விலை ஏற ஏற அவர்கள் பம்பாய்க்குப் போவதும் ஏறுகிறது.

உனக்குக் காரணம்தான் வேண்டும் என்றால் எத்தனையோ சொல்லலாம். காரணம் கேட்காமல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சொன்னதற்காக விற்கக் கூடாதா?

அப்பாதுரை


கிழக்குத் தாம்பரம்
15.2.2000

அப்பாதுரைக்கு,

காரணம் கேட்காமல் செய்வதைப் பற்றி நீ எனக்குச் சொல்லித்தருகிறாயா?

அப்பா போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அந்த மனை என் கல்யாணத்துக்கு என்று வாங்கினது. அதை விற்று என்னைக் கட்டிக்கொடுத்திருந்தால் உனக்கு ஹாஸ்டல் ஏது, இன்ஜினியரிங் ஏது? இருபத்தெட்டு வயதில் பெண் பார்க்க வந்த நாகர்கோவில்காரர்களை வாசலோடு அனுப்பினேன். நீ என்னிடம் காரணம் கேட்டாயா? நானும் சொல்லவில்லை. மெஷின் மெஷினாக நின்று நூற்றிருபது பெண்களை மேய்த்தேன், கால் வீங்கி வீடு வந்தேன். இதுவரை ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருக்கிறேனா? இன்று சொல்கிறேன். சொல்ல வைத்துவிட்டாய்.

நாற்பத்தாறு வயதில் எனக்கென்று ஒன்று வளர்கிறது. எனக்கு! அதைப் போய் வெட்டு வெட்டு என்று ஒற்றைக்காலில் நிற்கிறாய். குப்பம்மா காசைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கையெழுத்துப் போட முடியுமா, முடியாதா? அதை மட்டும் எழுது.

ரத்தினபாய்


ஹைதராபாத்
21.2.2000

அக்காவுக்கு,

பவர் பத்திரம் இத்துடன் இருக்கிறது.
மனை உன்னுடையது. என்றைக்கும் உன்னுடையதுதான்.
இனி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அப்பாதுரை


கிழக்குத் தாம்பரம்
28.2.2000

தம்பி,

பத்திரம் வந்தது. முத்திரை, சாட்சி எல்லாம் சரியாக இருக்கிறது என்று ராஜாராமன் சொன்னார். மார்ச் பதினைந்தாம் தேதி ரிஜிஸ்தர் ஆபீஸில் நாள் குறித்திருக்கிறார். வாங்குகிறவர் பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்கிறவராம், பணம் தயாராம்.

தாராநெட் ஆறாயிரத்து எண்ணூறு.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேனா என்று தெரியவில்லை. இன்று மனையைப் பார்க்கப் போனேன். முள்ளுக்கு நடுவே அப்பா நட்ட எல்லைக் கல் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். விற்கப்போகிற நிலத்துக் கல்லை எதற்கு நிமிர்த்தினேன் என்று ராஜாராமனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

உன் கடிதம் நாலு வரிதான். பழையபடி. கோபமா?

நான் எழுதினதில் பாதியை நீ படிக்காமலே இருந்திருக்கலாம். அந்த நாகர்கோவில்காரன் எப்படியும் சொட்டையன். வசை எழுதும்போது கை நிற்பதில்லை எனக்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஹைதராபாத்
7.3.2000, கூரியர் மூலம்

அக்கா,

ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போகாதே. இந்தக் கடிதம் பதினைந்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்று கூரியர்காரனிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன்.

காரணம் கேட்காதே என்று எழுதினேனே, இதுதான் காரணம். எனக்கு ஆகஸ்டிலிருந்து வேலை இல்லை. சம்பளம் வருகிறது. ஆனால் வேலை இல்லை. எங்கள் பாஷையில் பெஞ்சில் இருக்கிறேன் என்பார்கள். முதலில் பதினைந்து பேர் இருந்தோம், இப்போது இருநூற்றுச் சொச்சம் பேர். காலையில் வருகிறோம், கேன்டீனில் உட்காருகிறோம், சாயங்காலம் போகிறோம். இந்த மாதத்தோடு சம்பளத்தைப் பாதி ஆக்கப்போகிறார்களாம். வெளியில் சொன்னால் வேலை போய்விடும் என்று மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் பம்பாயிலிருந்து பெரிய முதலீட்டுக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். அன்று எங்கள் எல்லாரையும் டை கட்டி வரச் சொல்லி, மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக உட்கார வைத்தார்கள். எதையாவது தட்டிக்கொண்டே இருங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள் என்றார்கள். ஒரு மணி நேரம் தட்டினேன். என்ன தட்டினேன் தெரியுமா? நம் மூன்று பேர் பெயரை. அப்பா, நீ, நான். திரும்பத் திரும்ப. வந்தவர்கள் எங்கள் முதுகைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் பங்கு விலை நானூறு ரூபாய் ஏறியது. அந்த நானூறு ரூபாயில் என் முதுகும் இருக்கிறது அக்கா.

இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ கல்யாணம் வேண்டாம் என்று நின்று படிக்க வைத்த இன்ஜினியர் அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எப்படி எழுதுவேன்? அதனால்தான் லாபக் கணக்கு, நாற்காலிக் கணக்கு என்று எதையெதையோ எழுதினேன். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் பயம் வந்தது கணக்கிலிருந்து இல்லை.

உன் கோபத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன். அனுப்பிய நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. மனையை விற்காதே. பங்கை விற்றுவிடு.

அப்பாதுரை


கிழக்குத் தாம்பரம்
24.3.2000

என் தம்பிக்கு,

உன் கூரியர் பத்தாம் தேதியே வந்துவிட்டது. விற்றுவிட்டு எழுதலாம் என்று காத்திருந்ததில் இத்தனை நாள் ஆகிவிட்டது. பொறு, சொல்கிறேன்.

முதலில் மனை. ராஜாராமனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "என்னம்மா, அரைக் கிணறு தாண்ட வச்சிட்டீங்களே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். போகட்டும். பவர் பத்திரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அடுத்தது பங்கு. கடிதம் படித்த அன்றே மேற்குத் தாம்பரம் புரோக்கர் ஆபீஸுக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னால் நாற்பது பேர். எல்லாரும் விற்க வந்தவர்கள். வாங்க ஒரு ஈ காக்கா இல்லை. தினமும் காலையில் திறந்தவுடனே எட்டு சதவீதம் இறங்கி அப்படியே நின்றுவிடுகிறது, ஒரு நாளில் அதற்கு மேல் இறங்க விடமாட்டார்களாம். விற்கிறேன் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறேன், மாலையில் திரும்பி வருகிறது. இன்று மூவாயிரத்துச் சொச்சம். நாளைக்கு என்னவோ. என்றைக்கு விற்கிறதோ அன்றைக்கு வருவதுதான் என் பணம். அழுதேன். இரண்டு நாள் நன்றாக அழுதேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கல்யாண ஜாக்கெட் ஆறு தைக்க வேண்டியிருந்தது, அழ நேரமில்லை.

இப்போது கேள். உனக்கு வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். உன் ஜனவரிக் கடிதத்திலேயே தெரியும். செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று என்று நீயே தலைப்பில் போட்டிருந்தாய். வேலை இருக்கிறவன் செவ்வாய்க்கிழமை பகலில் அக்காவுக்குக் கணக்குப் பாடம் நடத்துவானா? நாலு வரிப் பிள்ளை நாலு பக்கம் எழுதினால் அவனுக்குக் கை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். அணில் வந்தபோது சந்தேகமே இல்லை.

அப்படியானால் ஏன் விற்கவில்லை, ஏன் உன்னை அப்படித் திட்டினேன் என்று கேட்பாய். விற்றால், தம்பி கம்பெனி ஒன்றுமில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். விலை ஏறுகிறது, அப்படியானால் அவனுக்கும் நல்லதுதான் நடக்கும் என்று டி.வி.யைப் பார்த்து என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இது பாதி. மீதிப் பாதி சுத்தமான பேராசை. அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் குப்பம்மா மூன்று தடவை முந்தானையை அவிழ்த்தாள், மூன்று தடவையும் "இப்ப வேணாம், விலை இறங்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே எனக்கு நம்பிக்கை இருந்திருந்தால் அவள் காசை ஏன் தொடாமல் இருந்தேன்? மீன்காரி காசுக்கு இருந்த பயம் என் காசுக்கு இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நேற்று அவள் சங்கரா மீன் கொடுத்துவிட்டுப் பாதி விலைதான் வாங்கினாள். "நீ நல்லா இருக்கணும்க்கா" என்றாள்.

உன் முதுகைப் பற்றி வெட்கப்படாதே. துணி வாங்குகிற வெள்ளைக்கார பையர் வருகிற நாளில் எங்கள் கம்பெனியிலும் ஆர்டர் இல்லாத மெஷினில் பெண்களை உட்கார வைப்போம். வெட்டுத் துண்டைக் கொடுத்துத் தைக்கச் சொல்வோம், அவன் போன பிறகு பிரிக்கச் சொல்வோம். வரிசையாக உட்கார வைத்ததே நான்தான். மூன்று தடவை அப்படி நடந்தது, அப்புறம் மூடிவிட்டார்கள். நீ மூன்றாம் மாடி கதையை எழுதியதும் எனக்கு அந்தத் துண்டுத் துணிதான் கண் முன்னால் வந்தது. அப்படி நடிக்கிற கம்பெனி எத்தனை நாள் ஓடும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் பாதிச் சம்பளத்துக்குக் காத்திருக்காதே. கிளம்பி வா. இங்கே வேலை தேடு, கிடைக்கும் வரைக்கும் என் மெஷின் ஓடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ராஜகீழ்ப்பாக்கத்தில் நாலு சுவர் எழுப்பலாம். கல் நேராகத்தான் நிற்கிறது, நேற்றும் பார்த்துவிட்டு வந்தேன்.

டி.வி. மேலே ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து இதற்குள் வைத்திருக்கிறேன். மூலை கொஞ்சம் கிழிந்துவிட்டது. அது உனக்காக எடுத்தது. நான்தான் வேறு யாருக்கோ கொடுத்து வைத்திருந்தேன். பர்ஸில் வைத்துக்கொள்.

என்றைக்கு வருகிறாய் என்று எழுது. பிறகு உனக்கு நல்ல வேலை கிடைத்தால், எந்த ஊராக இருந்தாலும், எனக்குப் பக்கம் பக்கமாக எழுதாதே அப்பாதுரை. நலம், பணம் கிடைத்தது, சளி இல்லை, அவ்வளவு போதும்.

அக்கா